முதல் ரெய்ஸ் எவ்வளவு?

டெக்சாஸ் ஹோல்டெம் மேசை. ஆளுக்கு இரண்டு சீட்டு வந்துவிட்டது. நடுவில் இன்னும் ஒரு சீட்டும் திறக்கவில்லை. உங்களுக்கு முன்னால் பேச வேண்டியவர்கள் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். இந்தக் கையை ஆடுவது என்று நீங்கள் தீர்மானித்துவிட்டால், அடுத்த கேள்வி எவ்வளவு போடுவது என்பது. நோ லிமிட் விதிப்படி குறைந்தபட்சம் பிக் பிளைண்டைப் போல் இரண்டு மடங்கு போட வேண்டும். அதிகபட்சம் என்று எதுவும் இல்லை, முன்னால் இருக்கும் சிப் அத்தனையையும் தள்ளிவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த எண் சரி என்பது அரை நூற்றாண்டாக நடந்துவரும் வாதம். பழைய நூல்கள் 3 முதல் 5 மடங்கு வரை பேசின. 2000களின் நடுவில் 3 என்பது வாய்ப்பாடு போல ஆனது. இன்று இணைய மேசைகளில் 2.5, டோர்னமென்டுகளில் 2-ஐ ஒட்டிய எண்கள். எண் ஏன் இப்படித் தேய்ந்துகொண்டே வந்தது? எங்கே தேயவில்லை? எது இன்னும் தீராத வழக்கு?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெய்ஸின் அளவை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம், எல்லாரிடமும் இருக்கும் சிப், நடுவில் ஏற்கெனவே கிடக்கும் பணம், உங்களுக்குப் பின்னால் பேச இருப்பவர்களின் குணம் ஆகிய நான்கும்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் கையிலுள்ள இரண்டு சீட்டுக்கு அதில் பங்கு இருக்கக் கூடாது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். சீட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் பணம் வைக்கிறார்கள். டீலர் பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் வைப்பது ஸ்மால் பிளைண்டு, அவருக்கு அடுத்தவர் வைப்பது பிக் பிளைண்டு. வழக்கமாக முன்னது பின்னதில் பாதி. பிக் பிளைண்டை 1 என்று கொண்டால் பாட்டில், அதாவது நடுவில் சேரும் பணத்தில், 1.5 கிடக்கிறது. இனி இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் பிக் பிளைண்டின் மடங்குகள்தான். அந்த 1.5-ஐ அப்படியே அள்ள நினைத்து ஒருவர் 2 போடுகிறார். மற்றவர்கள் 100-க்கு 57 தடவை கவிழ்த்தால் அவருக்கு நஷ்டமில்லை. 2.5 போட்டால் 62.5 தடவை, 3 போட்டால் 66.7 தடவை, 4 போட்டால் 72.7 தடவை கவிழ்க்க வேண்டும். போட்ட தொகையை, அதுவும் பாட்டில் இருந்ததும் சேர்ந்த தொகையால் வகுத்தால் இந்த எண்கள் வந்துவிடும். வெறுங்கையோடு திருடப் பார்ப்பவரின் கணக்கு இது. உண்மையில் யாராவது கால் செய்தாலும், அதாவது அதே தொகையைப் போட்டு உள்ளே வந்தாலும், ஆட்டம் அங்கே முடிவதில்லை, ஃப்ளாப் எனப்படும் நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டைப் பார்த்து ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே நடைமுறையில் தேவைப்படும் ஃபோல்டு, அதாவது மற்றவர்கள் கவிழ்ப்பது, இதைவிடக் குறைவு. ஆனால் திசை மாறாது: பெரிதாகப் போடப் போட, அடிக்கடி ஜெயித்தாக வேண்டும்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. பிக் பிளைண்டில் இருப்பவர் ஏற்கெனவே 1 வைத்துவிட்டார். நீங்கள் 2 போட, ஸ்மால் பிளைண்டு கவிழ்க்க, அவர் இன்னும் 1 வைத்தால் 4.5 உள்ள பாட்டுக்கு உரிமை கோரலாம். 22 விழுக்காடு ஜெயித்தாலே அவருக்கு அது கட்டுபடியாகும். அந்த விலைக்கு ஏறக்குறைய எந்தச் சீட்டும் கையைவிட்டுப் போகாது. நீங்கள் 2.5 போட்டால் அவருக்கு 27 விழுக்காடு வேண்டும், 3 என்றால் 31, 4 என்றால் 35. ஒரு பக்கம் உங்கள் திருட்டின் செலவு, மறுபக்கம் அவருடைய பாதுகாப்பின் விலை. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறைகிறது. முதல் ரெய்ஸைப் பற்றிய எல்லா வாதமும் இந்தத் தராசின் இரண்டு தட்டுகளைப் பற்றியதுதான்.

இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்த காலமும் உண்டு. லிமிட் ஹோல்டெமில் ரெய்ஸின் அளவை விதியே நிர்ணயித்துவிடும், போடுவதா வேண்டாமா என்பது மட்டுமே ஆட்டக்காரரின் கையில் இருந்தது. அமெரிக்கச் சீட்டு அறைகளில் 2000களின் தொடக்கம் வரை அதுதான் பெருவழக்கு. பாட் லிமிட் ஆட்டத்தில் முதல் ரெய்ஸின் உச்சவரம்பு 3.5. நோ லிமிட்டிலும் அதற்கு அக்கம்பக்கத்து எண்களையே பலர் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பாட் அளவுக்குப் போடுவதே முறையான ரெய்ஸ் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

பென்னி பினியன் 1970-இல் லாஸ் வேகஸில் தம் ஹார்ஸ்ஷூ விடுதியில் வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கரைத் தொடங்கினார். அதன் முக்கியப் போட்டியை 1976, 1977 இரண்டு ஆண்டும் ஜெயித்த டாயில் பிரன்சன் எழுதிய ‘சூப்பர் சிஸ்டம்’, நோ லிமிட்டில் முந்திக்கொண்டு அடிப்பவருக்கே ஆதாயம் என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி அதற்கு ஒரு தர்க்கம் தந்தார்: ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகு கால் செய்வதற்கு, நீங்களே முதலில் ரெய்ஸ் செய்யத் தேவைப்படுவதைவிட நல்ல சீட்டு வேண்டும். முதலில் போடுபவருக்கு எல்லாரும் கவிழ்த்து ஜெயிக்கும் வழியும் திறந்திருக்கிறது. கால் செய்பவருக்கு அது இல்லை. முதல் ரெய்ஸுக்கு இருக்கும் மதிப்பு இங்கிருந்து பிறக்கிறது.

2003-இல் இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் 839 பேர் ஆடிய முக்கியப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அடுத்த ஆண்டே ஆடியவர்கள் 2,576 பேர். அந்த இரண்டு ஆண்டும் இறுதி மேசை வரை வந்தவர் டான் ஹாரிங்டன், 1995-இல் பட்டம் ஜெயித்தவர். 2004-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூல் வரிசை அந்தக் கூட்டத்துக்குப் பாடப்புத்தகமாயிற்று. ஒரே சீட்டுக்கு ஒரே அளவு என்று பழகிவிடாமல் ரெய்ஸின் அளவைக் கலந்து போடச் சொன்னார் அவர். அந்த அறிவுரைக்கு அடியில் இருந்த கவலை முற்றிலும் நியாயமானது. அதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மேசையில் ஒருவருக்கு ஜோடி ஜாக் வருகிறது. ஃப்ளாப்பில் ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவதற்கு 57 விழுக்காடு வாய்ப்பு. ராணி ஜோடிக்கு அது 41, ராஜா ஜோடிக்கு 23. ஜாக் வைத்திருப்பவருக்கு ஃப்ளாப் பார்க்கவே பயம். எல்லாரையும் விரட்டிவிட வேண்டும் என்று 5 மடங்கு போடுகிறார். கால் மணி நேரம் கழித்து அவருக்கே ஜோடி ஏஸ் வருகிறது. இப்போது யாரும் ஓடிவிடக் கூடாதே என்ற கவலை, 2.5 போடுகிறார். இரண்டும் அந்த நேரத்துக்குப் புத்திசாலித்தனமாகவே தோன்றும். ஆனால் எதிரில் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு இனி வேலை மிச்சம். 5 வந்தால் நடுத்தர ஜோடி என்று தெரியும். ஃப்ளாப்பில் ராஜாவோ ராணியோ விழுந்தவுடன் கையில் எது இருந்தாலும் அழுத்திப் போடுவார், ஜாக் ஓடிவிடும். 2.5 வந்தால் விலகிக்கொள்வார், அல்லது சின்ன ஜோடியோடு மலிவாக உள்ளே வந்து மூன்றாவது சீட்டு விழுந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். சீட்டைத் திறந்துகாட்டி ஆடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணிதமேதை ஜான் வான் நாய்மன் தமது விளையாட்டுக் கோட்பாட்டில் போக்கரை எடுத்துக்கொண்டு காட்டியதும் இதையொட்டியதுதான்: நல்ல கைக்கும் பொய்க் கைக்கும் பந்தயம் ஒன்றுபோலத் தெரிந்தால்தான் நல்ல கைக்குப் பணம் வரும்.

இந்த நோய்க்கு ஹாரிங்டன் சொன்ன மருந்து அளவைக் கலப்பது. பின்னால் வந்தவர்கள் சொன்ன மருந்து, ஓர் இருக்கையிலிருந்து எந்தக் கைக்கும் ஒரே அளவு. இரண்டாவதே மேல் என்பது என் தீர்ப்பு. கலப்பதென்றால் உண்மையிலேயே சீரற்றுக் கலக்க வேண்டும். மனிதருக்கு அது வராது. பயமும் ஆசையும் கையைத் தம் பக்கம் இழுத்துவிடும். ஒரே அளவில் கசிவதற்கு எதுவுமே இல்லை.

இனி எண் ஏன் தேய்ந்தது என்பதற்கு வருவோம். இணையத்தில் ஒருவரே பல மேசைகளில் ஒரே நேரத்தில் ஆட ஆரம்பித்தார், ஆடிய ஒவ்வொரு கையும் கணினியில் பதிவாயிற்று. யார் எந்த இடத்திலிருந்து எத்தனை விழுக்காடு கவிழ்க்கிறார்கள் என்பது திரையிலேயே தெரிந்தது. 3 போட்டால் கவிழ்ப்பவர்கள் 2.5-க்கும் கவிழ்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்த அரையை யார் வீணாக்குவார்? அதைவிடப் பெரிய காரணம் எதிர்ரெய்ஸ். ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் பட்டன் இருக்கையிலிருந்து வரும் ரெய்ஸில் பாதி வெறும் திருட்டு என்று தெரிந்துகொண்ட பிளைண்டுக்காரர்கள் மேலே மேலே போட ஆரம்பித்தார்கள். பட்டனில் இருப்பவர் 100 தடவை ரெய்ஸ் செய்து, அதில் 10 தடவை எதிர்ரெய்ஸுக்குக் கவிழ்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 போடுபவர் 30 இழப்பார், 2.25 போடுபவர் 22.5. நிறைய கைகளோடு முதலில் போடுவது என்று ஆன பிறகு, ஒவ்வொரு தடவையும் போடும் தொகை சின்னதாக இருப்பதே புத்தி. தேர்ந்தெடுத்த சில கைகளை மட்டும் ஆடிய பழைய தலைமுறைக்கு 4 மடங்கு பொருந்தியதும் இதே காரணத்தால்தான்.

டோர்னமென்டில் இன்னொரு விசை சேர்கிறது: பிளைண்டுகளுக்கு மேல் வைக்கும் கட்டாயப் பணமான ஆன்டே. கடந்த சில ஆண்டுகளில் பரவிவிட்ட முறைப்படி மேசை முழுவதற்குமான ஆன்டேயை பிக் பிளைண்டில் இருப்பவரே 1 என்று வைத்துவிடுகிறார். அப்போது பாட்டில் 1.5-க்குப் பதில் 2.5 கிடக்கிறது. 2 போட்டுத் திருடுபவருக்கு 57-க்குப் பதில் 44 விழுக்காடு ஃபோல்டு போதும். பிக் பிளைண்டுக்கும் விலை 18 விழுக்காடாகச் சரிகிறது, அவர் கால் செய்துகொண்டேதான் இருப்பார். இருந்தாலும் சின்ன ரெய்ஸே நிற்கிறது. காரணம், டோர்னமென்டில் பெரும்பாலான நேரம் சிப் குறைவு. கையில் 20 இருக்கும்போது 3 போட்டு, பிக் பிளைண்டு மொத்தத்தையும் தள்ளினால், இன்னும் 17 போடுவதற்கு 42 விழுக்காடு ஜெயிக்க வேண்டும் (ஆன்டே இல்லாத கணக்கு). 2 போட்டிருந்தால் 44. போட்டதும் குறைவு, கவிழ்த்துவிட்டு நகர்வதும் எளிது. 10-க்குக் கீழே இறங்கிவிட்டால் அளவு பற்றிய பேச்சே கிடையாது. தள்ளு, இல்லாவிட்டால் கவிழ்.

சிப் நிறைய இருந்தால் தலைகீழ். 100 இருக்கும் இருவரில் ஒருவர் 2.5 போட்டு பிக் பிளைண்டு கால் செய்தால் பாட் 5.5. ஃப்ளாப், அடுத்த சீட்டான டர்ன், கடைசிச் சீட்டான ரிவர் மூன்றிலும் பாட் அளவுக்கே பந்தயம் வைத்துக்கொண்டு போனால் 5.5, 16.5, 49.5 என்று மொத்தம் 71.5 உள்ளே போகும். கையில் 26 மிஞ்சும். அதே இடத்தில் 4 போட்டிருந்தால் பாட் 8.5. மூன்று பந்தயமும் சேர்ந்தால் 110.5, கையில் மீதியுள்ள 96-ஐத் தாண்டிவிடும். முதலில் கூடப் போட்ட ஒன்றரை, கடைசியில் மொத்தக் கையிருப்பையும் பாட்டுக்குள் கொண்டுவரும் பாதையைத் திறக்கிறது. பின்னால் பேசும் வசதியும் திறமையும் உங்கள் பக்கம் இருந்தால் அந்தப் பாதை வரம், இல்லாவிட்டால் சாபம். ஆழமான கையிருப்போடு பலவீனமானவர்களை எதிர்கொள்ளும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்றும் 3-க்கு மேல் போடுவது இதனால்தான், பழைய பழக்கத்தால் அல்ல.

இயந்திரங்கள் இந்த வழக்கில் என்ன சொல்லின? 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கின் ரிவர்ஸ் கேசினோவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற கணினி நிரல், நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு இருவர் ஆட்டமாக 1,20,000 கைகள் ஆடி அவர்களைத் தெளிவாக வென்றது. அதை உருவாக்கிய நோம் பிரவுனும் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் 2019-இல் ஆறு பேர் மேசைக்கு ப்ளூரிபஸைக் கொண்டுவந்தார்கள். நம் கேள்விக்கு அது தந்த விடை முக்கியமானது. ரெய்ஸ் செய்யாமல் வெறும் பிக் பிளைண்டைப் போட்டு உள்ளே நுழையும் லிம்ப்பை ப்ளூரிபஸ் தன்னோடு தானே ஆடிப் பழகியபோது முதலில் முயன்று பார்த்தது. பழகப் பழகக் கைவிட்டது. விதிவிலக்கு ஸ்மால் பிளைண்டு மட்டும். மனித நிபுணர்கள் அனுபவத்தால் சொல்லிவந்ததை, மனிதர் ஆடிய ஒரு கையைக்கூடப் பார்க்காத இயந்திரம் தானாகவே வந்து உறுதி செய்தது. முதலில் நுழைபவர் ரெய்ஸோடு நுழைய வேண்டும் என்பது ஏறக்குறைய முடிந்த வழக்கு.

ஸ்மால் பிளைண்டு ஏன் விலக்கு? அங்கே உட்கார்ந்திருப்பவர் ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச வேண்டும். எதிரில் ஒரே ஆள், அவருக்குக் கடைசியாகப் பேசும் வசதி. மலிவாகப் போட்டால் அவர் எதையும் விடமாட்டார். ஆகவே அங்கிருந்து 3 அல்லது அதற்குச் சற்று மேல் போடுவதும், சில கைகளை லிம்ப்பாக வைத்துக்கொள்வதும் இன்றைய வழக்கம்.

அளவைப் பொறுத்தவரை 2010களின் நடுவிலிருந்து எல்லாரும் கேட்பது சால்வர் எனப்படும் கணிப்பு மென்பொருளைத்தான். சால்வரை நம்புபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் அனுமதித்த அளவுகளுக்குள் மட்டுமே அது தேடும். எதிராளியும் பிழையின்றி ஆடுவார் என்று வைத்துக்கொள்ளும். அந்த உலகத்தில் 2.3-க்கும் 2.5-க்கும் உள்ள லாப வித்தியாசம் மிக மிகச் சின்னது. அந்தப் புள்ளிக்காக மணிக்கணக்கில் சண்டை போடுவது வீண்வேலை என்றே நினைக்கிறேன். முதல் இருக்கையில் சிறிதாகவும் பட்டனில் பெரிதாகவும் போட வேண்டுமா, இல்லை பழைய நூல்கள் சொன்னபடி தலைகீழாகவா என்ற வாதமும் இந்த ரகம். பின்னால் ஐந்தாறு பேர் எதிர்ரெய்ஸ் செய்யக் காத்திருக்கும்போது சிறிதாகப் போடு என்பது ஒரு நியாயம். முதல் இருக்கையில் வலுவான கைகள்தானே வரும், அவற்றுக்குப் பணம் சேர்க்க வேண்டாமா என்பது மறு நியாயம். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்டச் சரிசெய்துகொள்வதால் எல்லா இருக்கைக்கும் 2.5 என்று ஆடுபவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

நிஜமான வித்தியாசம் மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில்தான். லாஸ் வேகஸ் கேசினோ ஒன்றில் 1-3 டாலர் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்குப் பொழுதுபோக்க வந்தவர்கள். நீங்கள் 8 டாலர் போட்டால், அதாவது 2.5-ஐ ஒட்டி, நான்கு பேர் கால் செய்வார்கள். 12 போட்டாலும் பெரும்பாலும் அதே நான்கு பேர். விலை ஏறினாலும் வாங்குவது குறையாத சந்தை அது. ஜோடி ஏஸ் ஒருவரை எதிர்த்து 85 விழுக்காடு ஜெயிக்கும். ஏதோ ஒரு சீட்டோடு நான்கு பேர் ரிவர் வரை வந்தால் 56 ஆகிவிடும். இங்கே 15 டாலர், 5 மடங்கு, போட்டு இரண்டு பேரோடு ஃப்ளாப் பார்ப்பது நூலறிவு இல்லாதவரின் முரட்டுத்தனம் அல்ல. அந்த மேசைக்குச் சரியான விடை. சிறிதாகப் போடு என்று சால்வர் சொன்னதன் காரணங்கள், அதாவது அடிக்கடி வரும் எதிர்ரெய்ஸும் விலை பார்த்துக் கவிழ்க்கும் எதிராளிகளும், இந்த மேசையில் இல்லவே இல்லை. காரணம் இல்லாத இடத்தில் விடையை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதுதான் இன்று நான் காணும் பெரிய பிழை. ரேக் எனப்படும் கேசினோவின் பங்கும் இதே பக்கம் தள்ளுகிறது: பெரும்பாலான அறைகளில் ஃப்ளாப் விழாமல் முடிந்த கையிலிருந்து ரேக் எடுப்பதில்லை. சின்ன பாட்களில் அந்தப் பங்கு வலிக்கும் அளவுக்குப் பெரியது. ஃப்ளாப்புக்கு முன்பே முடித்துவிடுவதற்கு ஒரு கூலி உண்டு என்பதால், ரேக் அதிகமான இடங்களில் ரெய்ஸ் பெரிதாவதும் ஆடும் கைகள் சுருங்குவதும் நியாயமே. உங்களுக்கு முன்னால் சிலர் லிம்ப் செய்திருந்தால் தலைக்கு ஒரு பிக் பிளைண்டு கூட்டிக்கொள்வது பழைய வழக்கம், இன்றும் பிழையில்லை.

ஆனால் இந்த மேசையிலும் ஏஸுக்கு 15, ஏழு-ஆறுக்கு 8 என்று பிரிக்கத் தோன்றும். கவனிக்காதவர்கள் நடுவில் அது கொஞ்ச நாள் பலிக்கவும் செய்யும். கவனிக்கும் ஒரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், சேர்த்ததெல்லாம் அவருக்கே போய்விடும். எந்த மேசையில் 15 என்று முடிவு செய்தீர்களோ அங்கே ஆடத் தகுந்த எல்லாக் கைக்கும் 15. அந்த விலைக்குத் தாங்காத கை என்றால் கவிழ்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் விடக் கூடாது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது, இரண்டும் திறமை விளையாட்டுகள் என்றது. இங்கே பேசிய கணக்குகள் அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்துவிட்டது. கணக்கு சரியாக இருப்பதால் கடன் வாங்கி ஆடலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். நீண்டகாலத்துக்குச் சரியான அளவு இன்றிரவு உங்களைக் காப்பாற்றாது.

நண்பர்களோடு பணமில்லாமல் சிப் மட்டும் வைத்து ஆடுபவராக இருந்தாலும் ஒன்றைப் பழகிப் பாருங்கள். சீட்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன், எந்த இருக்கை, யாரிடம் எவ்வளவு சிப், ஆன்டே உண்டா, பின்னால் யார் என்று பார்த்து, இந்தக் கையில் நான் ரெய்ஸ் செய்தால் இவ்வளவு என்று ஓர் எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சீட்டைப் பாருங்கள். ஜோடி ஏஸ் வந்தாலும் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.